சனி பிடித்த அப்டேட்

எங்கள் முதலாளி நாச்சியப்பனுக்கு எட்டு என்றால் ஆகாது. கார் நம்பரில் எட்டு வராது, டெலிபோன் நம்பரில் எட்டு வராது. ஆபீஸில் ஏழாம் மேசைக்கு அடுத்தது ஒன்பதாம் மேசை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த கட்டடத்தின் வாசல் எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது என்று பக்கத்தில் அவராகவே ஒரு 'ஏ' சேர்த்து எழுதிக்கொண்டார். தபால்காரர் ஒரு மாதம் தவித்துப்போனார். எட்டு சனியின் எண், தொழிலை உட்காரவைத்துவிடும் என்று எண்கணிதம் பார்க்கும் தம்புசாமி அவருக்குச் சொல்லியிருந்தார். கிள்ளானில் எங்கள் சீன வாடிக்கையாளர்கள் இதே எட்டைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். நாலு எட்டு போட்ட லோரி ஒன்று தினமும் எங்கள் கிடங்குக்கு வந்துபோகும். அந்தத் தொழில் உட்கார்ந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

நான் தனலெட்சுமி. அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்து அனுப்புவது எங்கள் தொழில். தாள் நேரத்துக்குப் போனால் லோரி வெளியே வரும். போகாவிட்டால் டிரைவர் வாசலில் நின்று எங்கள் குலம் கோத்திரத்தையே இழுத்துத் திட்டுவார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி எண் உண்டு, வீட்டுக் கதவு எண் மாதிரி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். உலகத்தில் எந்த முதலாளியும் அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "என்னோடது என்ன நம்பர்?" என்றார். முப்பத்தைந்து என்றேன். மனதுக்குள் கூட்டிப் பார்த்தவர் முகம் செத்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு முன்னால், 1998-இல், தம்புசாமி ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். பிறந்த தேதி வாரியாக யாருக்கு எந்த எண் என்று. ஒரு சனிக்கிழமை முழுக்கக் குனிந்து நிமிர்ந்து அத்தனை கம்ப்யூட்டருக்கும் நான் எண் மாற்றினேன். மொத்தம் இருபத்தாறு. அதையும் கூட்டினால் எட்டுதான். அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விடிவதற்குள் ஒன்றை விற்றிருப்பார்.

மறு வருடம் பிப்ரவரியில் தொல்லை ஆரம்பித்தது. மதியம் இரண்டு மணியானால் எங்கள் லைன் படுத்துவிடும். ஆபீஸுக்கு இருந்ததே ஒரே லைன். சுங்கத்துக்குப் போகும் தாளும் அதில்தான், இன்டர்நெட்டும் அதில்தான். நாலு மணிவரை ஒரு தாள் நகராது. கிள்ளானிலிருந்து மேனேஜர் ரெங்கசாமி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்து, "தனம், லோரி எல்லாம் ஜாலான் முழுக்க நிக்குது. என்னதான் செய்றீங்க அங்க?" என்பார். யாரோ ஒருவர் அந்த நேரத்தில் இன்டர்நெட்டிலிருந்து பெரிது பெரிதாக எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு மென்பொருள் இருந்தது. ஹெரான் என்று பெயர். கொக்கு மாதிரி அசையாமல் நின்று, லைனில் போகிற வருகிற ஒவ்வொன்றையும் பார்த்து, எது யாருடையது என்று சொல்லும். பின்லாந்தில் ஒருவர் எழுதி, காசில்லாமல் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். நான் அதைக் கொக்கு என்றே கூப்பிட்டேன். எண்ணாகக் காட்டினால் மனிதர்களுக்குப் புரியாது என்று, கம்ப்யூட்டர் பெயராகக் காட்டும்படி போன வருடத் தொடக்கத்திலேயே நானே அமைத்து வைத்திருந்தேன்.

மார்ச் எட்டாம் தேதி மதியம் கொக்கைப் பார்க்க விட்டேன். பத்து நிமிடத்தில் பிடித்துக் கொடுத்தது. லைனில் முக்கால்வாசியை ஒரே கம்ப்யூட்டர் விழுங்கிக்கொண்டிருந்தது. பெயர்: சௌதா.

சௌதா எங்கள் டைப்பிஸ்ட். ஆறு வருடமாகச் சுங்கத் தாள் அடிப்பவள், அடித்தால் பிழை பார்க்கத் தேவையில்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அவள் அத்தா, அதாவது அப்பா, அய்யூப் முழங்கால் போய் ஜவுளிக்கடை வேலையை விட்டு ஒரு வருடமாகியிருந்தது. எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கத்தை அச்சடித்து, அவள் பெயருக்கு அடியில் சிவப்பில் கோடு போட்டு, முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

மறுநாள் காலையில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

"எனக்கு டைப் அடிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது சார்," என்றாள் சௌதா. "இன்டர்நெட் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

"மெஷின் சொல்லுது. மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் முதலாளி. "மனுஷன் பொய் சொல்லலாம், இது சயின்ஸ்லா."

அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். இருபத்து நாலாம் தேதி விசாரணை, அன்றைக்கு முடிவு என்றார். இருபத்து நாலு, கூட்டினால் ஆறு, சுக்கிரன். ஒரு பெண்ணை வேலையைவிட்டுத் தூக்குவதற்கும் நல்ல நாள் பார்த்தார். ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்பிவிட்டால் கிள்ளான் வட்டாரத்தில் எங்களைப் போன்ற எந்த ஃபார்வர்டிங் ஆபீஸும் அவளைச் சேர்க்காது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

சௌதா போன மறுநாளும் இரண்டு மணிக்கு லைன் படுத்தது. கொக்கைப் பார்த்தேன். சௌதா என்றது. திரும்பிப் பக்கத்து மேசையைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டர் அணைத்திருந்தது. மின்கம்பியைக் கூடக் கழற்றி, தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டுப் போயிருந்தாள். உயிரில்லாத பெட்டி உலகத்திலுள்ளதையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. "போகும்போது ஏதாச்சும் வைரஸ் வெச்சிட்டுப் போயிருப்பா," என்றார். இன்டர்நெட் எங்கே இருக்கிறது என்று தெரியாத பெண், ஒரே ராத்திரியில் வைரஸ் எழுதுகிறவளாக ஆகிவிட்டாள்.

திரும்பி வந்து, பெயரைக் காட்டாதே, எண்ணைக் காட்டு என்று கொக்குக்குச் சொன்னேன். இருபத்து மூன்று என்று வந்தது. இருபத்து மூன்று யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தீபாவளிக்கு முன்னால்வரை அது சௌதாவின் எண். கூட்டினால் ஐந்து, முதலாளியின் பிறவி எண். அதனால் அவளிடமிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுத்தோம். மதியம் இரண்டிலிருந்து நாலுவரை அவர் அறைக் கதவு சாத்தியிருக்கும். முக்கியமான ஃபைல் பார்க்கிறார் என்று சொல்லிக்கொள்வோம். கதவில் காதை வைத்தால் பழைய சினிமாப் பாட்டு மெல்லக் கேட்கும். மகன் சொல்லிக்கொடுத்து, இன்டர்நெட்டிலிருந்து பாட்டாக இறக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். இறக்க இறக்கத் தூக்கமும் வந்துவிடும்.

ஹெரானைப் பயன்படுத்துகிறவர்களின் மடல் குழுவுக்கு அன்றே எழுதினேன். ஹெரானை எழுதிய பின்லாந்துக்காரரே பதில் போட்டார். தெரிந்த பிழைதான்: ஒரு எண்ணுக்கு ஒரு தடவை பெயர் கற்றுக்கொண்டால் கொக்கு அதை மறப்பதில்லை, எண் கைமாறினாலும் பழைய ஆள் பெயரையே சொல்லும். போன வாரம் வெளியிட்ட பராமரிப்பு அப்டேட்டில் திருத்தியாகிவிட்டது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில் ஒரு வரி: 'உங்கள் தோழியிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.' முகம் தெரியாத மனிதர், காசு வாங்காமல் உழைத்தவர், மன்னிப்புக் கேட்டார்.

அப்டேட்டின் எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. 0.8.8.

நேராகப் போய், "சார், அது உங்க கம்ப்யூட்டர்," என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. எனக்கும் வீட்டு லோன் இருந்தது. மெஷின் சொன்னது என்றால்தான் அவர் நம்புவார், மெஷினே சொல்லட்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். விசாரணையில் இதைத்தான் சாட்சியாகக் காட்டப் போகிறோம், பழைய பதிப்பில் பிழை இருக்கிறது, புதியதைப் போட அனுமதி வேண்டும் என்று கேட்டேன்.

"என்ன நம்பர்?" என்றார்.

சொன்னேன். அவர் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார். "தாக் போலே, முடியவே முடியாது. ஒரு எட்டே ஆகாது. ரெண்டு எட்டா?"

உடனே தம்புசாமிக்குப் போன் போட்டார். தம்புசாமி வந்தார், இந்த மாதிரி அழைப்புக்கு அவர் நடந்து வருவதில்லை, பறந்து வருவார். ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். "மொத்தமாக் கூட்டினா ஏழு, கேது. தனித்தனியாப் பாத்தா ரெண்டு சனி. முன்னாலயும் அடி, பின்னாலயும் அடி. அடுத்தது வரட்டுமே அம்மா," என்றார்.

"அடுத்தது 0.8.9 அண்ணே," என்றேன். "பதினேழு. கூட்டுங்க."

கூட்டினார். எட்டு. "அதுக்கு அடுத்தது?" என்றார்.

"0.9. அது வர ஆறு மாசம் ஆகும். விசாரணை இருபத்து நாலாம் தேதி."

"அப்ப பழசையே வெச்சிக்குவோம்," என்றார் முதலாளி. "பழசு நல்லாத்தானே கண்டுபிடிச்சிச்சு."

அன்று சாலாக் செலாத்தானில் இருந்த என் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கையை வைத்தபோதுதான் தோன்றியது. இந்த மாதிரி மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது எப்படி எழுதப்பட்டது என்பதையும் வரி வரியாகக் கூடவே கொடுத்துவிடுவார்கள். யாரும் திருத்திக்கொள்ளலாம். திருத்தினால் திருத்தினேன் என்று ஒளிக்காமல் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மறுநாள் மூல வரிகளைத் திறந்தேன். பதிப்பு எண் இருந்த இடத்தில் 0.8.8-ஐ அழித்து 1.4 என்று எழுதினேன். ஒன்றும் நாலும் ஐந்து. நிபந்தனையை மீறக்கூடாதே என்று, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் போட்டேன்: எண் மாற்றப்பட்டது, காரணம் சனிக் கிரகம். வேறொன்றையும் தொடவில்லை.

"1.4-ஆ?" என்றார் முதலாளி. "தோ பாத்தியா, நல்ல நம்பர்லயும் வருதுல்ல. முன்னாடியே நல்லாத் தேடியிருக்கலாம்லா." தம்புசாமி கண்ணை மூடி ஆமோதித்தார். பின்லாந்துக்காரர் எங்கள் முதலாளியின் பிறவி எண்ணை எப்படி அறிந்தார் என்று இருவருமே கேட்கவில்லை.

இருபத்து நாலாம் தேதி, ராகுகாலம் கழிந்து மூன்று மணிக்கு விசாரணை. ரெங்கசாமி கிள்ளானிலிருந்து வந்திருந்தார். சௌதா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்; யாரையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரைக்கு நெற்றியில் வைப்பதுபோல் குங்குமம் வைத்திருந்தார்கள். கீபோர்டுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்ததில், அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் விசையை முதலாளிதான் அழுத்தவேண்டும் என்று தம்புசாமி சொல்லியிருந்தார். அழுத்தினார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க," என்றார் முதலாளி. "அப்புறம் நான் அநியாயம் பண்ணிட்டேன்னு சொல்லக்கூடாது."

நல்லாத்தான் பார்த்தோம். அவருடைய அறையில் பாட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாட்டு வேறு, லைன் வேறு என்றே அந்த மனிதர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். கொக்கு ஒரு நிமிடம் நின்றது. பிறகு மேலே, முதல் வரியில், லைனில் முக்கால்வாசிக்கு நேராகப் பெயர் வந்தது. நாச்சியப்பன்.

ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்போதும் அதே பெயர்தான் இருந்தது. "சாரோட பேரை யாரோ யூஸ் பண்றாங்க போல," என்றார். அந்த ஆள் மேனேஜர் ஆனது சும்மா இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "இது எவ்வளவுக்கு வாங்கினது?"

"காசு இல்ல சார். எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறாங்க."

"ஓசியா?" அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "ஓசியில வந்த சாமானை நம்பி ஒரு மனுஷன் மேல எப்படிப் பழி போடுறது? யாராச்சும் யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கலாம். அப்போது சயின்ஸாக இருந்தது, அவர் பெயரைச் சொன்னதும் ஓசிச் சாமான் ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்: எண் மாற்றிய கதை, கொக்கு பழைய பெயரை மறக்காத கதை, பாட்டு, பின்லாந்துக்காரர் கடிதம். கோபத்தில் 1.4 என்பது என் கைவேலை, உள்ளே இருப்பது 0.8.8 தான் என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

முதலாளி மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா? உள்ள எட்டு இருக்கு. அதான் இப்படித் தப்புத் தப்பாக் காட்டுது."

தம்புசாமி எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பார்த்தார். அது சும்மா எலுமிச்சம்பழமாகத்தான் இருந்தது. "சனியை மூடி வெச்சா இன்னும் உக்கிரமா வேலை செய்யும்," என்றார்.

ஆனால் முதலாளி முட்டாள் இல்லை. அவர் மறுபடியும் திரையைப் பார்க்காமலே, எழுந்து தன் அறைக்குப் போனார். ஒரு நிமிடத்தில் லைன் விடுபட்டது. கிள்ளானுக்குப் போகாமல் நின்ற தாள்கள் வரிசையாகப் போக ஆரம்பித்தன. திரும்பி வந்து உட்கார்ந்து, ரெங்கசாமியிடம் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ரெங்கசாமி எழுதி நீட்டினார். நடந்த தவற்றை நிர்வாகம் பெரிய மனதோடு மன்னிக்கிறது, பணியாளர் நாளையிலிருந்து வேலைக்கு வரலாம், கீழே கையெழுத்திடவும்.

சௌதா அதை இரண்டு தடவை படித்தாள். "நான் செய்யலன்னு ஒரு வரி எழுதித் தாங்க சார். நாளைக்கே வரேன்."

"அதான் வேலை திரும்பத் தந்தாச்சேம்மா. இன்னும் என்ன?"

"ஒரு வரிதான் சார்."

"நீ செய்யலன்னு எழுதினா, அப்புறம் யார் செஞ்சான்னு கேப்பாங்க," என்றார் ரெங்கசாமி. அன்றைக்கு முதலாளி பக்கத்தில் உண்மை பேசியது அவர் ஒருவர்தான், அதுவும் தெரியாமல்.

சௌதா கடிதத்தை நாலாக மடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே போய் அவளுடைய இழுப்பறையிலிருந்து தொழுகைப் பாயையும் ஒரு கோப்பையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நான் அவள் பின்னாலேயே படிக்கட்டுக்கு ஓடினேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றி எதிர்பார்த்தேன். வேலையைப் பணயம் வைத்து அத்தனை பேர் முன்னால் முதலாளியை அம்பலப்படுத்தியவள் நான். அந்தச் சூட்டில், "அந்த ஆள் ஒரு மனுஷனா? நம்பரைப் பாத்துக் குடித்தனம் பண்றவர்," என்று ஆரம்பித்தேன்.

"சாரை விடுங்கக்கா. அவர் அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும்," என்றாள் சௌதா. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பேப்பர்ல என் பேரை அடிச்சுச் சிவப்புல கோடு போட்டது நீங்க. ஆறு வருஷமாப் பக்கத்துல உக்காந்திருக்கேன். திரும்பி, 'சௌதா, நீயா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "மெஷின்ல அப்படித்தான் வந்துச்சு சௌதா," என்றேன்.

"சாரும் அதைத்தான்க்கா சொன்னாரு," என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கிப் போனாள்.